குவாலிஸ் நிற்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. சட்டை தைக்கக் கொடுப்பதுபோல ஒருவர் அளவு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

கொடுத்தவர் வெங்கடாசலம். கிளியூர்க்காரர். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, அது போக 2003ஆம் வருடத்து வெள்ளை டொயோட்டா குவாலிஸ் ஒன்று. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார். போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க, நீங்கதான கதையெல்லாம் எழுதறீங்க?"

"ஆமாங்க."

"வண்டி நிக்கலைன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எந்த வண்டி?"

"என்ற வண்டிதானுங்க. வேற எந்த வண்டிக்குப் பேரு கெட்டுக் கெடக்குது?"

அவர் என்னைத் தேடி வந்ததில் நியாயம் உண்டு. அந்த வண்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே நான்தான். முப்பது வருடம் ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜ் நடத்தினேன். மழை பிடித்துக்கொண்டால் விருந்தாளிகளுக்குப் போக இடமிருக்காது. டீ கொடுத்துக் கதையும் கொடுப்பேன். குப்பனூரில் டீசல் தீர்ந்துபோன குவாலிஸ், பழக்க தோஷத்தில் ஏற்காடு வரை ஏறி வந்த கதை. பனிமூட்டத்தில் வெங்கடாசலம் சிறுநீர் கழிக்க இறங்கினபோது, அவர் ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டி மட்டும் வீடு போய்ச் சேர்ந்து, அவர் பின்னால் பஸ்ஸில் வந்த கதை. சேலத்து மெக்கானிக் ஒருவர் அதன் எஞ்சினைப் பார்க்கவே வாய்ப்புக் கிடைக்காமல் ரிட்டையர் ஆன கதை.

விருந்தாளிகள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை, அந்தக் கதைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் நிற்காத வண்டியில் போகிற பெண்ணின் வாழ்க்கையும் வழியில் நிற்காது என்று யாரோ ஒரு கல்யாண வீட்டில் சொல்ல, அதிலிருந்து சேர்வராயன் மலையில் எந்தப் பெண் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் வெங்கடாசலத்தின் குவாலிஸ்தான். பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டுக்கும் அதே வண்டி, ஜெபம் பண்ணிக் கிளம்புகிற வீட்டுக்கும் அதே வண்டி.

போன தை மாதம், கிறிஸ்துதாஸ் மகள் ஜெஸ்லின் கல்யாணத்தன்று, குப்பனூர் ரோட்டு வளைவில் அது பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. மலையே பார்த்தது. வைகாசிக்குச் சொல்லி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு வண்டிக்குப் போய்விட்டன.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

*மூடுபனி விலகாத அந்தக் காலையில், வெள்ளை நிறக் குவாலிஸ் ஒரு கனவைப்போல —*

(அடித்துவிட்டேன். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மூடுபனியில்தான் தொடங்குகிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.)

*ஜப்பானில், ஒரு தச்சரின் மகன் —*

இதை அடிக்கவில்லை. தள்ளி வைத்திருக்கிறேன்.

*வண்டி நிற்கவில்லை.*

வெங்கடாசலத்துக்கு இந்த வரி போதும். இதோடு முடித்துக்கொண்டால்கூட அவருக்குச் சம்மதம். ஆனால் படிக்கிறவர்கள் "நிற்காத வண்டிக்கு எதற்குப் பானட்டைத் திறந்தார்கள்?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் வீட்டுக் காலண்டரைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு உட்கார்ந்தார்.

3

(அவர் சொன்னதைச் சொல்வதற்குள் ஜப்பானை முடித்துவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: இந்தக் கதையில் கட்டுக்கதைபோலத் தெரிகிற ஜப்பான் விஷயங்கள் உண்மை. நம்பும்படி இருக்கிற ஏற்காடு விஷயங்கள்தான் என் கைவேலை.)

குவாலிஸைப் பற்றி எழுத வேண்டும் என்றானதும் அதைச் செய்தவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தேன். பேத்தியின் லேப்டாப்பில் ஒரு மத்தியானம் போனது. தேடப் போன எனக்குக் கிடைத்தது தறி.

டொயோட்டாக்காரர்கள் முதலில் கார் செய்யவில்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒரு தச்சரின் மகன். நெசவுத் தறி செய்தார். சேலம் பக்கத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறைக்கும்: இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி பாழ். அவர் செய்த தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அதற்குத்தான் அவருக்குப் பேர். கார் மகன் காலத்தில் வந்தது. குடும்பப் பேர் டொயோடா. கம்பெனிக்கு டொயோட்டா என்று மாற்றினார்கள். ஜப்பான் எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடு, எட்டு அங்கே ராசி. நம் ஊரில் கடைப் பலகைக்கு எண் கணிதம் பார்க்கிறவர்கள் இதைப் படித்து நிம்மதி அடையலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குக் கார் அனுப்பினார்கள். அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. விற்பனையை நிறுத்தி, திரும்பி வந்து, வேறு கார் செய்துகொண்டு போனார்கள். பிறகு உலகமே "இவங்க வண்டி நிக்காது" என்று சொல்லும்படி ஆயிற்று. 2010ஐ ஒட்டி லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துக் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். நம் நாட்டுக்குக் குவாலிஸ் 2000இல் வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, 2005இல், தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை வெங்கடாசலத்திடம் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"நல்லா ஓடறதப் போயி நிறுத்துவாங்களாங்க?"

"நிறுத்தினாங்க."

"என்ன மனுசனுங்க அவங்கெல்லாம்" என்றார், சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல.

4

வெங்கடாசலம் சொன்னது.

சேலத்துச் சர்ச்சில் கல்யாணம். வண்டியில் மூன்று பேர். ஓட்டுகிறவர் அவர். முன்சீட்டில் ஜெஸ்லின், வெள்ளைச் சேலை, தலையில் நெட். பின்சீட்டில் ஜெஸ்லினின் அத்தை ஜெயகுமாரி. வளைவு ரோடு ஒத்துக்கொள்ளாத உடம்பு. அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு கதவு சாத்தும் முன்பே தூங்கிவிட்டார். தூங்குவதற்கு முன் ஒன்று சொன்னார்:

"இனி காலைல நேரத்துல எந்திரிச்சு ஸ்கூலுக்கு ஓடற வேலையில்ல கண்ணு. நீ வேலைய விட்டுருவேன்னு உங்கப்பா மாப்பிள்ளையூட்டுல வாக்குக் குடுத்தாச்சு. நிம்மதியா இரு."

ஜெஸ்லின் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விடத் தேவையில்லை என்று மாப்பிள்ளை ஆசிர் சொன்ன பிறகுதான் அவள் சம்மதம் சொன்னது. மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று ஊரையே கேட்டார்கள். வேலையை விடுவதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நாலு வளைவு வரை போனையே தட்டித் தட்டிப் பார்த்தாளாம். பிறகு, "அண்ணா, சிக்னல் எங்க கெடைக்கும்?"

குப்பனூர் ரோட்டில் எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்பது இந்த மலை டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். "இன்னும் ரெண்டு தாண்டோணும் கண்ணு."

"அங்க நிறுத்துங்க. நான் அவர்கிட்டப் பேசணும்."

"கூட்டிட்டுப் போக வந்த மாப்பிள்ளையூட்டுக் கார் பின்னாடியே வருதே சாமி. எதுக்கு நிறுத்தினேன்னு கேப்பாங்களே."

"வண்டி நின்னு போச்சுன்னு சொல்லுங்க."

இந்த இடத்தில் வெங்கடாசலம் கதையை நிறுத்திவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"வேற ஏதாவது சொல்லலாம் சாமின்னேனுங்க. பஞ்சர்னு சொல்லலாம்னேன். பஞ்சருன்னா பத்து நிமிசத்துல மாட்டிருவீங்க, எனக்குப் பத்தாதுங்குது. கணக்கு டீச்சர் பாருங்க."

"நிறுத்தினீங்களா?"

"அதும் மூஞ்சியப் பாத்தேன். நிறுத்திப்போட்டேன்."

5

அடுத்து வருகிறவரை நான் முதலில் எழுதியது இப்படி:

*பின்னால் வந்த காரிலிருந்து, முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாக இறங்கினார் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆண்டனி ராஜ் —*

வெங்கடாசலத்துக்குப் படித்துக் காட்டினேன். "மீசையே இல்லைங்க அவருக்கு" என்றார். "நல்ல மனுசன். எனக்கு மோர் குடுத்தாரு."

எனக்கு ஏமாற்றம்தான். வில்லன் இல்லாமல் கதை எழுதுவது சிரமம். ஆனாலும் மீசையை எடுத்துவிட்டேன். மோரை வைத்துக்கொண்டேன்.

"என்னங்க ஆச்சு?" என்றார் மீசை இல்லாத ஆண்டனி ராஜ்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வண்டியை வைத்துக்கொண்டு வெங்கடாசலம் சொல்லாத வார்த்தை அது. சொன்னார். "நின்னு போச்சுங்க."

"குவாலிஸா?"

"ஆமாங்க."

"இது *அந்த* குவாலிஸ்தானே?"

"அதேதானுங்க."

பானட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. கோளாறு இல்லாத எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். துடைத்ததையே துடைத்தார்.

"சரி, பொண்ணை நம்ம கார்ல ஏத்திக்கலாம். நேரமாகுது."

"பொண்ணு ஏறின வண்டில இருந்து எறங்கக் கூடாதுங்க."

"எங்கள்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்களே?"

"என்ற வண்டிக்கு இருக்குதுங்க."

ஆண்டனி ராஜ் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஜெஸ்லின் நெட்டை முகத்தின் மேல் இழுத்து, தலையைக் குனிந்து, காதோரம் கையை வைத்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று பின்வாங்கினார். "பாவம், ஜெபம் பண்ணுது. தொந்தரவு பண்ணாதீங்க" என்று தன் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மோர் பாட்டிலை எடுத்து வந்தார்.

நெட்டுக்குள்ளே ஆசிரோடு போனில் நடந்தது, ஜெஸ்லின் என்னிடம் பின்னால் சொன்னது:

"நான் வேலைய விடணும்னு உங்க ஊட்ல பேசினப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"…ஒண்ணும் சொல்லலை."

"இப்பச் சொல்லுங்க, விட வேண்டாம்னு. உங்கம்மாகிட்ட. நீங்களாச் சொல்ற மாதிரி. சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

"இப்பவா? ஜெஸ்லின், பாஸ்டர் வந்துட்டாரு."

"எங்க வண்டியும்தான் நின்னுருச்சு."

அரை மணி நேரம் கழித்து ஆசிர் கூப்பிட்டான். அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். வெங்கடாசலம் பானட்டைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால் ஜெயகுமாரி கண் விழித்து, திறந்த பானட்டைப் பார்த்து, "ஏசப்பா, குவாலிஸ் நின்னு போச்சு!" என்று அலறினார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் தூங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டுமே.

கல்யாணம் நடந்தது. ஜெஸ்லின் இப்போது தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்து வகுப்பு எடுக்கிறாள். மருமகள் வேலைக்குப் போவது தன் மகனின் ஆசை என்று மாமியார் நம்பிக்கொண்டிருக்கிறார். பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறாராம்.

6

சிக்கல் புரிகிறதல்லவா? வண்டி தானாக நிற்கவில்லை என்று எழுதினால், பின்னே எதற்கு நிறுத்தினார்கள் என்பதும் வந்துவிடும். கல்யாணத்தன்று நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையை ஆட்டி வைத்தவள் என்று அந்த வீட்டில் தெரிந்தால், ஜெஸ்லினுக்கு அந்த வேலையும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

வெங்கடாசலம் ஒரு வழி சொன்னார். "காட்டெருமை மறிச்சுதுன்னு எழுதுங்க."

"பானட்டை ஜெயகுமாரி பாத்தாச்சே. காட்டெருமை வந்து பானட்டைத் திறந்துச்சுன்னு எழுதட்டுங்களா?"

"நீங்க எழுதுவீங்க" என்றார். பாராட்டு மாதிரி இல்லை.

(இந்த இடத்துக்கு ஒரு அடிக்குறிப்பு. கீழே போட இடமில்லாததால் நடுவிலேயே. டொயோட்டா தொழிற்சாலையில் வண்டிகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, வேலை செய்கிறவர்களின் கைக்கெட்டும்படி ஒரு கயிறு போகுமாம். தப்பு என்று பட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அதை இழுக்கலாம். மேற்பார்வை பார்க்கிறவர் ஓடி வருவார். திட்ட அல்ல, என்னவென்று கேட்க. சரியாகாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பொறாமைப்பட்டேன்.)

7

சனிக்கிழமை ஜெஸ்லினை வரச் சொல்லி இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். வெங்கடாசலமும் இருந்தார். அவள் திருத்தும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள். டீச்சர் புத்தி.

"தாத்தா, இதை அப்படியே போடுங்க."

"மாட்டிக்குவியே கண்ணு?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க. யாரு நம்புவா?" சிரித்தாள். "டீசல் இல்லாம மலையேறின கதை எழுதின ஆளு, இப்ப இன்னொண்ணு விட்டிருக்கார்னு போயிருவாங்க. எங்க ஜெயகுமாரி அத்தையே சொல்லும்."

எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு நற்சான்றிதழ். நான் டீ போடுவதற்காக எழுந்தேன்.

பின்னால் வெங்கடாசலம் மெதுவாகச் சொன்னது கேட்டது. "யாரும் நம்பலைன்னா, என்ற வண்டி நின்னதாவேதான கண்ணு இருக்கும்?"

அவள் சிரிப்பு நின்றது. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். "அப்ப நான் நேரா போயி எங்க மாமியார்கிட்டச் சொல்லிடறேண்ணா. உங்களுக்கு வைகாசி பூராம் போச்சு."

"சொல்லி?"

"வண்டி நிக்கலைன்னு ஆகும்ல."

நான் அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றேன். எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் திறக்கத் தெரியக் கூடாது.

வெங்கடாசலம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நின்னு போச்சுன்னு சொன்னது நாந்தான் சாமி. என்ற வாய்லதான் சொன்னேன். நாளைக்கு வந்து மாத்திச் சொன்னா நல்லாருக்காது." என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நின்னுதுன்னே எழுதிக்கிங்க. நொம்ப யோசிக்காதீங்க."

8

எழுதிக்கொண்டேன். ஆனால் மேலே இருப்பதை அடிக்கவும் இல்லை. ஆக, என் கையில் நின்றதும் நிற்காததும் இரண்டும் இருக்கின்றன, முடிவு இல்லை. வைகாசி முழுக்க வெங்கடாசலம் காய்கறி ஏற்றினார் என்று முடிக்கலாம். அது சோகமாக இருக்கும். ஆண்டனி ராஜே தன் மகள் கல்யாணத்துக்குக் குவாலிஸைக் கேட்டு வந்தார் என்று முடிக்கலாம். அது அழகாக இருக்கும். அவருக்கு மகள் இல்லை.

அதனால் இப்படிச் செய்வோம். உங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வரட்டும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெள்ளைக் குவாலிஸ் பக்கம் போங்கள். புதுக் கார்கள் நாலைந்து அதைச் சுற்றி நிற்கும்; அவற்றின் டிரைவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். பார்க்காததுபோல் இருங்கள். அந்தப் பெரியவரிடம், "இந்த வண்டி வழியில எங்காவது நின்னிருக்குதுங்களா?" என்று கேளுங்கள்.

"ஒருக்கா நின்னுதுங்க" என்பார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதற்குமேல் நீங்கள் எந்த வண்டியின் கதவைத் திறக்கிறீர்கள் என்பதை என்னால் எழுத முடியாது. கல்யாணம் உங்களுடையது.