பந்து உருட்டும் மாமா

முதல் நாள் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குத் திக்கென்றது. அடுக்கில் இருந்ததெல்லாம் பெண்கள் செருப்பு. நடுவில் அவனுடைய செருப்பு மட்டும் இரண்டு படகு மாதிரி கிடந்தது.

நூலகத்து மாடியில் பின்பக்க அறை. தரையில் நீல விரிப்பு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பொம்மைகள், பெரியவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத குட்டி நாற்காலிகள். சின்னப் பிள்ளைகளோடு பெற்றவர்கள் வந்து, விளையாடி, நாலு விஷயம் கற்றுக்கொண்டு போகிற இலவசக் குழு அது. மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது, ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று தடுப்பூசி போடும் நர்ஸ்தான் அங்கே அனுப்பினாள். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. அவன் மேற்பார்வை பார்த்த கிடங்கையோ இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற ஆள்தானே போக வேண்டும்? போனான்.

உள்ளே நுழைந்ததும் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி கேட்டாள். "பாப்பாவோட அப்பாவா? இன்னைக்கு வேலைக்குப் போகலையா நீங்க?"

அவள் சும்மாதான் கேட்டாள். இவனுக்குத்தான் சுருக்கென்றது.

"இல்லீங்க, நான் மாமா. பாப்பா அம்மாவோட அண்ணன். அவங்க அப்பாவுக்கு வேலை, நகர முடியாது."

வாய் முந்திக்கொண்டது. மறுநாளே சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்க்குக் கைமேல் மரியாதை கிடைத்துவிட்டது. "தங்கச்சி பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெடுறீங்களே" என்று டீயை முதலில் அவன் கையில்தான் கொடுத்தார்கள். வேலை போன அப்பாவாக உட்கார்ந்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள். மாமாவாக உட்கார்ந்ததால் ஐயா தங்கம்.

குழுவை நடத்தியவளை எல்லாரும் அக்கா என்றார்கள். அவள் சொல்லித்தந்த வழி சுலபமானது. எதைச் செய்தாலும், யார் செய்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அம்மா சாக்ஸ் மாட்டுறேன். அம்மா தண்ணி ஊத்துறேன். திரும்பத் திரும்பக் கேட்டால் ஆளும் வார்த்தையும் பிள்ளை மனதில் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

"நீங்க மாமான்னே சொல்லுங்க," என்றாள் அவனிடம். "ஒருநாள் ஒண்ணு, ஒருநாள் இன்னொண்ணுன்னு பிள்ளையைக் குழப்பிடாதீங்க."

குழப்பவே இல்லை, மகாராசன். கடைசியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பந்து உருட்டும்போது, "மாமா பந்து உருட்டுறேன்" என்று கணீரென்று சொல்வான். அங்கே சொன்னதுகூடப் போகட்டும். வீட்டில், வேறு ஆளில்லாத பகல் நேரத்திலும் மாமா மூக்கைத் துடைத்தான், மாமா ஊட்டிவிட்டான், மாமா தூங்கவைத்தான். எங்கே குழந்தை குழுவில் போய் அப்பா என்று கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடுமோ என்ற பயம். சாயங்காலம் மனைவி வந்ததும் வாயை மூடிக்கொள்வான். "பிள்ளைகிட்ட ஏதாவது பேசுங்களேன்" என்று அவள் கெஞ்சுவாள்.

குழுவில் அந்த அப்பாவின் தலை உருளாத நாள் இல்லை. "ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலையே அந்த மனுஷன்" என்பாள் இரட்டையரின் அம்மா. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பா எப்ப வருவாரு? ம்?" என்று கதவைக் காட்டிக் கேட்பாள்.

"அவன் அப்படித்தாங்க. பொறுப்பே கிடையாது" என்பான் இவன், டீயை உறிஞ்சிக்கொண்டே. தன்னைத் தானே திட்டுவதில் ஒரு நிம்மதி வேறு. வெட்கக்கேடு.

குழுவின் கடைசி நாளன்று வீட்டில் உள்ள எல்லாரும் வரலாம் என்று அக்கா சொன்னாள். அவன் வீட்டில் மூச்சு விடவில்லை. நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்த மனைவியின் செல்போன் எண்ணுக்கே அக்கா செய்தி அனுப்பிவிட்டாள். அவள் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"சும்மா பாட்டும் விளையாட்டும்தான். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"என் பிள்ளை விளையாடறதை நான் பார்க்க வேண்டாமா?"

மாடிப்படி ஏறும்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினான். "சளி பிடிச்சிருக்கா?" என்றாள் அவள். அதற்குள் கதவு வந்துவிட்டது.

"வாங்க வாங்க," என்று இரட்டையரின் அம்மா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் மாதிரி ஒரு அண்ணன் யாருக்குங்க அமையும்?"

மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுக்கு அண்ணனே கிடையாது. பிறகு இவனைப் பார்த்தாள். இவன் விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமாங்க," என்றாள் மெதுவாக. "எங்க அண்ணன் அப்படித்தான்."

"பாப்பா அப்பா இன்னைக்கும் வரலையா?"

"அவருக்கு வேலைங்க."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். தன் பொய்யை அவள் வாயால் கேட்டதும் கூனிக் குறுகிப்போனான். வட்டத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தும், அவள் முழங்கை தன்மேல் பட்டுவிடாதபடி ஒடுங்கிக்கொண்டான்.

பந்து குழந்தையின் மடிக்கு வந்தது. "யாருக்கு உருட்டப் போறே, குட்டி?" என்றாள் அக்கா. ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான். குழந்தை சிரிக்கும், பதில் வராது. இன்று அது இவன் முகத்தை நேராகப் பார்த்தது.

"மாமா."

அறையே கைதட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவியும் தட்டினாள். மகளின் முதல் வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். பந்து உருண்டு வந்து இவன் காலில் முட்டியது.

அவன் அதைக் கையில் எடுத்தான்.

"நான் மாமா இல்லீங்க. நான்தான் பாப்பாவோட அப்பா. வேலை போயிடுச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

இரட்டையரின் அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். மனைவி கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அவன் மகளின் பக்கம் குனிந்தான். அக்கா சொல்லித்தந்த மாதிரியே, ஒவ்வொரு வார்த்தையாக, "அப்பா பந்து உருட்டுறேன்" என்று சொல்லி உருட்டினான்.

குழந்தை பந்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு, யார் வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திரும்பிப் பார்த்தது.