அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில்

…இல்லை, கால் தடுக்கவில்லை, தொழுகை விரிப்பை மடிக்கக் குனிந்தார், அது வழுக்கிச் சாய்த்துவிட்டது, அவ்வளவுதான், இதற்குப் பெயர் விழுவதா? தரையில் ஒருக்களித்துக் கிடந்தபடி காஜா மைதீன் தன்னோடு தானே வாதாடிக்கொண்டிருந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. மணிக்கட்டில் மகன் நவுஷாத் கட்டிவிட்ட பட்டை கத்த ஆரம்பித்தது, ஆள் விழுந்தால் சென்னையிலிருக்கும் அவன் போனுக்குக் கோள் சொல்லும் சனியன். பொத்தானை அமுக்கினால் அடங்கிவிடும், சேதியும் போகாது, அமுக்கத்தான் விரல் போனது, அதைக் கட்டிவிட்ட அன்றே அவன் சொல்லிவிட்டானே, "இன்னொரு தபா வுழுந்தீங்கன்னா கடைய மூடிட்டு இங்க வந்துருங்கத்தா." மூடுவதா? வெள்ளிமலையிலிருந்து செல்லன் கொண்டுவரும் தேனையும் கடுக்காயையும் யார் வாங்குவது? மனைவி பாயிஸா மவுத்தாகிப் போன பிறகு கீழே இருக்கிற அந்தக் கடைதானே அவருக்குப் பேச்சுத்துணை… ஆனால் எழ முடியவில்லையே. விரலை எடுத்துக்கொண்டார். போகட்டும், சேதி போகட்டும்.

போயிற்று. அவன் கூப்பிட்டால் பட்டையிலேயே குரல் வரும், இவராகக் கூப்பிட அதில் வழியில்லை. வரவில்லை. தெருப்பக்கம் சத்தம் போட்டுப் பார்த்தார், இன்று இடஒதுக்கீட்டு மறியல், கடைத்தெருவே ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது, யார் காதில் விழும்? எண்பத்தேழில் இதே மாதிரி மறியலுக்கு மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தபோது புளி மூட்டையோடு தாண்டிய ஆள், இன்று ஒரு விரிப்பிடம் தோற்றுக் கிடக்கிறார். சரி, இவன் ஏன் கூப்பிடவில்லை? அப்போதுதான் உறைத்தது. முழங்கால் தாங்காமல் பொத்தென்று அவர் சஜ்தாவுக்குப் போகும்போதெல்லாம் பட்டை அலறும், முதல் வாரம் அவன் ஒவ்வொரு தடவையும் பதறினான், அப்புறம் சிரித்தான், "தொழுவுற நேரத்துல வந்தா நான் கண்டுக்க மாட்டேன், போங்கத்தா." இது அசர் நேரம், சாயங்காலத் தொழுகை. அத்தா நெற்றியைத் தரையில் வைத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருப்பான் பிள்ளை.

ஆனால் அசர் தொழுதுவிட்டால் பொழுது இறங்கி மஃரிப் வரும்வரை வேறு தொழுகை கிடையாது, அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். கொஞ்சம் பொறுத்து, கையைத் தூக்கித் தரையில் அடித்தால் பட்டை மறுபடி அலறும், அவன் மணியைப் பார்ப்பான், புரிந்துவிடும். ஓடிவருவான். கடையையும் மூடுவான். ஜன்னல் வெயில் மஞ்சளாகிவிட்டது. கையைத் தூக்கினார். இடுப்புக்கடியில் கடைச் சாவி உறுத்தியது. அந்த முதல் வாரம், அவன் கூப்பிடக் கூப்பிட இவர் எரிந்து விழுந்தாரே… பாயிஸா போன பிறகு ஒரே நாளில் அத்தனை தடவை "இன்னா ஆச்சு" என்று அவரை யார் கேட்டார்கள்? கை இன்னும் இறங்கவில்லை.