முனியாண்டி மூலையில் புகை

குனோங் ராபாட்டில் ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குட்டையை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். கோலா கங்சார் பக்கமிருந்து நிலக்கரிச் சுரங்கக் கழிவு லோரி லோரியாக வந்து இறங்கியது. அதைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலரால் இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு. இடையில் காற்று புகுந்தால் கழிவு உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். ரோலர் ஓட்டும் தர்மேந்திரனுக்கு இதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

கரையோரம் ஒரு முனியாண்டி கோயில். எஸ்டேட்டை விற்றபோது சனங்கள் தூக்கி வந்து வைத்த சாமி. பூசை பார்க்கும் வீரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, ஐயா எடத்த அதிர வைக்காதப்பா. செவுரு விரிஞ்சிரும்லா."

சுவர் அதிராமல் மண்ணை இறுக்கத்தான் கையால் பிடித்து ஓட்டும் சின்னக் கைமெஷின் இருந்தது. ஆனால் அதைப் பிடித்தால் கை மரத்துப்போய், சோறு பிசையக்கூட விரல் மடங்காது. நல்ல சாக்குக் கிடைத்தது என்று தர்மேந்திரன் அந்த மூலையில் மட்டும் கழிவை மொத்தமாகக் கொட்டி, மேலே சமப்படுத்திவிட்டுப் போனான். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? ஊர் அதைப் பக்தி என்றது. அவனும் மறுக்கவில்லை.

திருவிழாவன்று காலையில் அந்த மூலையில் புகை கிளம்பியது.

"ஐயா எறங்கிட்டாரு!" என்று சனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். கோயிலைக் காப்பாற்றிய பிள்ளை என்று வீரம்மா அவனுக்கு மாலை போட்டாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். அவன் மனைவி ஷர்மினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து வீரம்மா சூடத் தட்டோடு, வெறுங்காலில், புகையை நோக்கி நடந்தாள். தர்மேந்திரன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"போகாதீங்கக்கா! கீழ நெருப்பு, கால் உள்ள போயிரும். இது சாமி இல்லக்கா. நான் இறுக்காம விட்ட எடம்."

மேளம் நின்றது. வீரம்மா புகையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேலையில ஏமாத்துனது போகட்டும். பொகைய பார்த்ததுமே ஒனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல? அப்புறம் ஏன்பா மாலைக்குக் கழுத்த நீட்டுன?"

அவன் மாலையைக் கழற்றினான். சாமி காலடியில் வைக்கத் துணிவில்லை, தரையில் போடவும் மனம் வரவில்லை. ஷர்மினியிடம் நீட்டினான்.

அவள் கையை நீட்டவில்லை.