ராசப்பன் போட்ட புகார்

கொல்லிமலை மேலிருந்து லாரி டிரைவர் ராசப்பன் போன் போட்டபோது ஷாஹுல் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். லாரிக் கம்பெனிப் பட்டறைக்கு அவன்தான் பெரிய மெக்கானிக்.

"பாய், பிரேக் சரியா புடிக்கலீங்க. கம்பெனி ஆப்புல புகார் போட்டு ரொம்ப நேரமாச்சு, பதிலே காணோம். கெழங்கு லோடு ஏத்திட்டு நிக்கறேன்."

ஷாஹுல் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஆப்பில் போடும் புகார்கள் வரும் பட்டறைத் திரையைப் பார்த்தான். காலையில் வந்த டயர் புகார்கள்தான் இருந்தன.

"ஒண்ணும் வரலியே ராசப்பண்ணா. மேல குளுகுளுன்னு இருக்கு, இறங்க மனசில்லையாக்கும்."

"அட போங்க பாய். போட்டேங்கறேன்."

"இன்னொருக்கா போடுங்க. போன்ல சொல்றதைப் புகாரா எடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சட்டம் போட்டுட்டாரு."

திரையில் புகார் இருந்தால் வண்டி நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். மரவள்ளிக்கிழங்கு வாடினால் மாவு குறையும். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசப்பன் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியை இறக்கினார். பாதி இறக்கத்தில், ஒரு வளைவில், வண்டியோடு பள்ளத்தில் விழுந்து போனார்.

பொழுது சாயும்போது பட்டறைத் திரையில் அந்தப் புகார் வந்து விழுந்தது. 'பிரேக் பிடிக்கவில்லை, இறக்கலாமா?' போட்ட நேரம் மத்தியானம். அதற்குக் கீழே அதே வார்த்தையில் இன்னொன்று.

ஷாஹுல் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினான். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் கனிஷ்கா அழுது முடித்த முகத்தோடு இருந்தாள்.

"மெயின் டேட்டாபேஸ்க்கு அப்பவே வந்துருச்சுண்ணா. உங்க திரை அதோட நகல், ஸ்டாண்ட்பைல இருந்து படிக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"நகல் எடுக்கறது பிசிக்கலா இருந்தா, மெயின்ல மாறுன எடத்தை அப்படியே எடுத்து ஒட்டிட்டுப் போயிரும். நம்மளது லாஜிக்கல். அங்க நடந்ததைத் திருப்பிக் கட்டளையா மாத்தி, ஒவ்வொரு வரியா மறுபடி செய்யும். காலைல பழைய ட்ரிப் எல்லாத்துக்கும் டீசல் ரேட் மாத்துனாங்க. மெயின்ல ஒரே கட்டளை, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது. இங்க லட்சக்கணக்கான வரி. எந்த வரின்னு அடையாளம் காட்ட அந்த டேபிள்ல ஒரு நம்பர்கூட இல்ல. ஒவ்வொண்ணுக்கும் மொத்தத்தையும் தேடியிருக்கு. ராசப்பண்ணன் புகார் அதுக்குப் பின்னால நின்னுருச்சு."

"அப்புறம் எதுக்கும்மா இதை வெச்சீங்க?"

"இதுல சீக்கிரம் தேடி எடுக்கத் தனியா இண்டெக்ஸ் போட்டுக்கலாம். உங்க திரை வேகமா தெறக்கும்னு வெச்சோம்."

"வேகமாத்தான் தெறந்துச்சு" என்றான் ஷாஹுல்.

வாசலில் முதலாளி பாலசுந்தரம் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார். "டிரைவர் சொல்லலைன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. இதுக்கு மேல யாரும் வாயைத் தெறக்க வேண்டாம்."

அடக்கம் முடிந்த மறுநாள் ஷாஹுல் ராசப்பனின் ஊரான புதுச்சத்திரத்துக்குப் போனான். ராசப்பன் மனைவி வசந்தாமணி பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"பிரேக் கெட்டதைச் சொல்லாமயே ஓட்டிட்டாருன்னு பேசிக்கறாங்க பாய். குடிச்சிருந்தாரான்னு எங்கிட்டயே கேக்கறாங்க. நெசமா அவரு சொல்லலீங்களா?"

"சொன்னாருங்கக்கா. ரெண்டு தடவை ஆப்புல போட்டாரு. எனக்குப் போனும் பண்ணாரு. போலீஸ்ல நானே வந்து சொல்றேன்."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். பக்கத்திலிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள், கேட்டீர்களா என்பதுபோல. பிறகு மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஏனுங்க நிறுத்தச் சொல்லல?"

"திரையில வரலீங்கக்கா."

"என்ன திரைங்க?" என்றாள் வசந்தாமணி.