ஒடுக்கு தெரியும் படம்

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்டூடியோ என்று பெயர். வேலை என்னவோ வாகனக் காப்பீட்டுக் கம்பெனியில்தான். அடிபட்ட வண்டிகளைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஏழு வருடம் தொலைபேசி மேசையில் உட்கார்ந்து "லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவன் கூப்பிட்டாலும் அதையே சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள். பிறகு கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது இந்த வேலை. கூடவே ஒரு கேமராவும் கொடுத்தார்கள். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது எதுவோ அது. பெட்டியோடு வரும் சின்ன லென்ஸ். கழுத்தில் மாட்டினால் மாட்டியதே தெரியாத கனம்.

கொடுத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். கேமராவோடு வந்த கையேட்டைக் கடைசிப் பக்கத்து முகவரி வரைக்கும் படித்தாள். வண்டியை வெயிலிலிருந்து நிழலுக்குத் தள்ளச் சொன்னாள். பின்னால் நின்ற குப்பைத் தொட்டியையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் நகர்த்தினாள். பத்தடி தள்ளிப் போய், ஜூமை முழுக்க நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். படங்கள் மனதை அள்ளிக்கொண்டு போயின. முன்பக்கம் நொறுங்கிய காரின் சொந்தக்காரர் ஒருவர் அந்தப் படத்தை வாட்ஸப்பில் தன் முகத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டார். இன்னொருவர் படத்தைக் காட்டியே வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் பிற்பாடு அலுவலகத்துக்கு வந்து, படமெடுத்த ஆளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார். அவள் விடுப்பில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

தலைமை அலுவலகத்தில் படம் பார்ப்பவர் ஒரே ஒருவர். அவர் வண்டியைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. படத்தில் தெரிந்தால் அது சேதம். தெரியாவிட்டால் வண்டிக்காரரின் கற்பனை. நிழலின் மெத்தென்ற வெளிச்சத்தில் சொந்தக்காரர் முகத்துச் சுருக்கம் மறைவது போலவே வண்டியின் ஒடுக்கும் மறைந்துவிடும் என்பதை ஸ்டூடியோ கவனிக்கவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு விண்ணப்பங்கள் 'சேதம் காணப்படவில்லை' என்று திரும்பி வந்தன.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, அடிபட்ட வண்டிய எடுக்கச் சொன்னா, ஷோரூம் வாசல்ல நிக்கிற மாதிரி எடுத்து அனுப்பினா எப்படி?"

மூன்றாவதும் திரும்பினால் படமெடுக்கும் வேலை வெளி ஆளுக்குப் போகும், அவள் தொலைபேசி மேசைக்குப் போகலாம் என்றார். வெளி ஆள் யார் என்பதையும் மறைக்கவில்லை. அவளுடைய கொழுந்தன்தான்.

கொழுந்தன் தன் பெயருக்கு முன்னால் கேமராவின் விலையைச் சொல்லும் ரகம். மேனேஜர் மகளின் பிறந்தநாளுக்குப் படமெடுத்து அந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கியிருந்தான். அண்ணியின் கேமராவைச் சோப்பு டப்பா என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். "அண்ணி, உங்க சோப்பு டப்பா நல்லா இருக்கா?"

மூன்றாவதாக வந்தது ஒரு கருநீல வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் டிரைவருடையது. போன வாரத்து ஆலங்கட்டி மழையில் பானெட் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் ஒடுக்குகள். தடவினால் விரலுக்குத் தெரியும். தலையைச் சாய்த்து முன்னும் பின்னும் அசைந்தால் கண்ணுக்குத் தெரியும். டிரைவர் கண்ணை மூடித் தடவியே எண்ணி, அறுபத்து மூன்று என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். தலைமை அலுவலகம் விரலை நம்பாது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மேனேஜர் கொழுந்தனையும் வேன் நின்ற மெக்கானிக் ஷெட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவன் பையைத் திறந்து லென்ஸை எடுத்த விதத்தில் டிரைவர் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டார். இருபது படம் எடுத்தான். திரையில் பானெட்டின் ஓரம் மட்டும் பளிச்சென்று இருக்க, மற்றதெல்லாம் பாலாடை போல மங்கிக் கிடந்தது. பார்க்க அழகு. ஒரே ஒரு ஒடுக்கு, அதுவும் சந்தேகத்துக்குரியது.

"வண்டி புதுசு மாதிரி இருக்கே தம்பி," என்றார் டிரைவர். பாராட்டவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்.

ஸ்டூடியோ எடுத்ததில் அந்த ஒன்றுகூட இல்லை. சாய்ந்த வெயில் அடித்தால் ஒவ்வொரு ஒடுக்குக்கும் ஒரு நிழல் விழும் என்று இதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தொலைபேசி மேசையின் சுழல் நாற்காலி, அதன் உடைந்த இடது கை எல்லாம் அவள் கண்முன் வந்து போயின.

"இங்க பாருங்க மேடம், இது, இது, இது," என்று டிரைவர் பானெட் மேல் குனிந்து விரல் வைத்துக் காட்டினார். அவர் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். சட்டையின் கோடுகள் பானெட்டில் பிரதிபலித்தன. ஆனால் நேராக இல்லை. ஒவ்வொரு ஒடுக்கிலும் கோடு சுளித்து, வளைந்து, இரண்டாகப் பிரிந்து ஓடியது.

"அண்ணா, அப்படியே நில்லுங்க."

அவர் நின்றார். மூச்சு விட்டார், கோடுகளும் மூச்சு விட்டன. இது சரிப்படாது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க."

டிரைவர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் கூரையைப் பார்த்தான். பிறகு பனியனோடு நின்ற டிரைவர் சட்டையின் ஒரு கையையும், கொழுந்தன் மறு கையையும் பிடித்து இழுக்க, சட்டை பானெட்டுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்றது. முதலில் கொழுந்தன்தான் முந்தினான். சட்டையை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்து எடுத்தான். வண்டி தெளிவாக இருந்தது, கோடுகள் கரைந்துபோயிருந்தன. கோட்டைப் பிடித்தால் வண்டி கரைந்தது. லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கினால் இரண்டும் தெளியும் என்று அண்ணி சொன்னாள். அவன் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. அந்த லென்ஸுக்குக் கொடுத்த விலையே மங்கலுக்காகத்தான். அதைக் குறைப்பது கடையில் பாதியைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. அவன் மறுபடி சட்டைக் கையைப் பிடிக்கப் போனான்.

சோப்பு டப்பாவுக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது. அவள் துளையைப் பதினொன்றாம் எண்ணுக்குச் சுருக்கினாள். வெளிச்சம் போதாமல் படம் பதிய அரை வினாடி ஆகும், கையில் பிடித்தால் ஆடிவிடும். இரண்டு பழைய டயரை அடுக்கி மேலே கேமராவை வைத்தாள். இரண்டு வினாடி கழித்துத் தானாக எடுக்கும்படி திருகிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இழுத்துப் பிடிங்க தம்பி, தொங்குது," என்றாள்.

அவன் இழுத்துப் பிடித்தான்.

ஆறு படம். திரையில் பெரிதாக்கி விரலால் எண்ணினார்கள். கோடு சுளித்த இடமெல்லாம் ஒடுக்கு.

மேனேஜர் இரண்டு பேர் எடுத்ததையும் ஒரே உறையில் போட்டு, வெளி ஆளும் எடுத்திருக்கிறார் என்று ஒரு குறிப்போடு, எது யாருடையது என்று எழுதாமல் அனுப்பினார். மறுநாள் மதியம் பதில் வந்தது. விண்ணப்பத்தில் அறுபத்து மூன்று என்று உள்ளது, படத்தில் அறுபத்து நான்கு தெரிகிறது, வண்டிக்காரர் ஒன்றைக் குறைத்துச் சொன்ன காரணத்தை விளக்கவும், மற்றபடி ஏற்கப்பட்டது. கீழே இன்னொரு வரி. இவ்வளவு தெளிவான படங்களை எடுத்த வெளிப் புகைப்படக்காரருக்கு நன்றி. இனி அவரையே பயன்படுத்தவும்.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றாள் ஸ்டூடியோ.

"தெரியும்மா. ஆனா எழுத்துல வந்துருச்சே," என்றார் மேனேஜர், மழை வந்துவிட்டது என்பது போல. அவள் எதிரிலேயே கொழுந்தனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நாளையிலிருந்து வர முடியுமா என்று கேட்டார்.

கொழுந்தன் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சார், அதுக்கெல்லாம் என் கேமரா ஒத்துவராது. டயர் மேல வைக்கணும், தரையில படுக்கணும், ஒரே கிரீஸ். அந்த வேலைக்குச் சோப்பு டப்பாதான் லாயக்கு. டப்பாவ வச்சு எடுக்க அண்ணிய விட்டா ஆள் கிடையாது. அப்படியே எழுதிப் போட்டுருங்க."

அவன் விட்டுக்கொடுத்தானா, பீற்றிக்கொண்டானா என்று அவளுக்கு விளங்கவில்லை. மேனேஜருக்கு அந்தக் கவலை இல்லை. 'வெளி ஆளின் கருவி பொருத்தமற்றது' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த கோப்பை அவள் பக்கம் தள்ளினார்.

"லாரி. கவுந்து கிடக்கு."

"எந்தப் பக்கமா சார்?"

அவர் கோப்பைப் புரட்டினார். "கிழக்குப் பார்த்து."

"அப்ப வெயில் சாஞ்சு அடிக்கறப்பவே, காலையில ஏழு மணிக்கே போயிடறேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் பேட்டரியை சார்ஜில் போடப் போனாள்.