வரவேற்புக்கு முழுப் புள்ளி

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கல்வி என்றால் குத்துவிளக்கு. விளக்கை ஏற்றிவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. மாலை போட்டு, வரவேற்புப் பாட்டுப் பாடி, நன்றியுரையும் வாசித்துவிட்டால் மீதியும் முடிந்துவிடும். இப்படிப்பட்ட மனிதரைத்தான் கண்டி நகரத்துக்கு மேலே மேட்டில் நிற்கும் பழைய நீதிமன்றத்துக்கு முகாமையாளராகக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள்.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சொல்லாமல் கொள்ளாமல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளிகளை அங்கே கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். இப்போது நூதனசாலையாகிவிட்டது. தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் சுற்றிக் காட்டுவது ராஜலிங்கத்தின் வேலை. அவன் கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். சும்மா சுற்றிக் காட்டிவிட்டு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு வழக்கை உண்டாக்கினான். கறுப்பையா என்ற தொழிலாளி, கங்காணியிடம் அனுமதித் துண்டு வாங்காமல், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் போய்விட்டான். பிள்ளைகளில் ஒருவர் கறுப்பையா, ஒருவர் கங்காணி, ஒருவர் தோட்டத் துரை, ஒருவர் நீதவான். தீர்ப்பு என்னவென்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். அது அவனுக்கே தெரியாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அந்தக் கூண்டில் ஏறியதும் துரையைக் கேள்வி கேட்டுத் திணறடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். அதற்காகவே அந்த வேலையில் கிடந்தான்.

அந்த வருஷம் மேலிடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. வரலாற்று இடங்களில் நடக்கும் பாடசாலை நிகழ்ச்சிகளுக்குத் தரச் சான்று கொடுப்பார்களாம். சான்று கிடைத்த இடங்களுக்கு மட்டும்தான் தோட்டப் பாடசாலைகளுக்கு இலவச பஸ். பஸ் இல்லாவிட்டால் ஹேவாஹெட்டப் பிள்ளைகள் எங்கே கண்டிக்கு வருவது? சான்று கிடைக்காவிட்டால் தன்னுடைய வழக்கு அத்தோடு சரி என்பது ராஜலிங்கத்துக்கு விளங்கியது. ஆனாலும் அவன் பயப்படவில்லை. தரம் பார்க்கும் குழு வந்து ஒருமுறை பார்த்தால் போதும், சான்றைக் கையோடு தந்துவிட்டுப் போவார்கள் என்று நம்பினான், பாவம்.

ஸ்ரீஸ்கந்தராசா வேறு விதமாக நம்பினார்.

"குழு வாற நேரம் பிள்ளையள் ரெண்டு பக்கமும் வரிசையா நிக்க வேணும். வெத்திலை குடுக்க வேணும். பாட்டு ஒண்டு எழுதி அனுப்பியிருக்கிறன், பள்ளிக்கூடத்தில பழக்கட்டும்" என்றார்.

"செய்யலாங்க சேர். ஆனா வழக்குக்கு நேரம் வேணும்."

"ஓம், ஓம். அது பிறகு பாப்பம்."

ஹேவாஹெட்டப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து லெட்சுமணன் மாஸ்டர் எட்டாம் வகுப்பைக் கூட்டிவந்தார். கறுப்பையாவாக நிற்கப்போவது நிரோஷினி என்ற பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, கங்காணியாக வந்த பையனிடம் அவள் வழக்குப் பேசத் தொடங்கிவிட்டாள்.

"எம் பொண்டாட்டிய பாக்க போறதுக்கு ஓங்கிட்ட எதுக்குய்யா துண்டு?"

ராஜலிங்கத்துக்கு வயிறு குளிர்ந்தது. இந்தப் பிள்ளையை மட்டும் குழு பார்த்துவிட்டால் போதும்.

குழு பார்க்கவில்லை. முதலில் பிந்தி வந்தார்கள். பிள்ளைகள் வெற்றிலையும் கையுமாக வெயிலில் நின்று, பிறகு தூறலில் நின்றார்கள். குழுத் தலைவர் நளீர் சேர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வெற்றிலை வாங்கி, ஒவ்வொரு தலையையும் தடவி, படம் எடுப்பவருக்காக ஒருமுறை திரும்பி நின்றார். பிறகு விளக்கு. மேட்டுக் காற்றில் அது நிற்குமா? ஏற்ற ஏற்ற அணைந்தது. அணைந்த திரியை ஏற்ற இன்னொரு பிரமுகரை மேடைக்கு அழைத்தார்கள். பிறகு பாட்டு, நடனம், ஸ்ரீஸ்கந்தராசாவின் தலைமையுரை. நீதிமன்றத்தின் சிறப்பைப் பற்றி, நீதிமன்றக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேசிக்கொண்டே போனார். பேச்சு முடிய பெட்டிஸும் கேக்கும் தேநீரும் வந்தன. தேநீரோடு மழையும் வந்தது.

ராஜலிங்கம் நளீர் சேரிடம் போய் நின்றான்.

"சேர், புள்ளைங்க உள்ள வழக்கு ஒண்ணு நடத்த தயாரா இருக்காங்க. பாத்துட்டுப் போங்க."

"பார்க்கத்தானே வந்தோம்" என்றார் நளீர் சேர், பெட்டிஸை மென்றபடி. பிறகு வரிசையில் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வரலாறு பிடிக்குமா புள்ளைகளே?" என்று கேட்டார்.

"பிடிக்கும் சேர்" என்று பாட்டுப் போலவே பதில் வந்தது.

"மாஷா அல்லாஹ், என்ன ஒழுங்கு" என்று சொல்லி அவர் காரில் ஏறினார். மழை வலுக்கும் முன்பே மலைப் பாதையைத் தாண்டிவிட வேண்டும் என்று பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளைகூட நீதிமன்றத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நிரோஷினி பஸ் யன்னலால் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ராஜலிங்கம் சான்று கிடைக்காது என்று முடிவு கட்டி, சாப்பாடு இறங்காமல் திரிந்தான். அதுவோ ஆக உயர்ந்த தரத்தில் கிடைத்தது! பிள்ளைகளின் ஈடுபாட்டுக்கு முழுப் புள்ளி. தலத்தோடு பாடத்தைப் பிணைத்த விதத்துக்கும் முழுப் புள்ளி. அவன் நளீர் சேருக்குப் போன் எடுத்தான்.

"சேர், நீங்க உள்ளயே வரலீங்களே."

"ஏன், உள்ளுக்கு என்ன இருக்கு?"

போனை வைத்துவிட்டு ராஜலிங்கம் தன்னந்தனியாகச் சிரித்தான். சிரிக்காவிட்டால் எதையாவது உடைத்திருப்பான்.

சான்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மதிப்பிட்ட நிகழ்ச்சியை மதிப்பிட்டபடியே நடத்த வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசா எள்ளளவும் பிசகாமல் நடத்தினார். எந்தப் பாடசாலை வந்தாலும் வரிசை, வெற்றிலை, விளக்கு, பாட்டு. வரவேற்பதற்கு விருந்தாளி இல்லையே என்று யாரோ கேட்டபோது, அந்தச் சுமையையும் அவரே ஏற்றுக்கொண்டார். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வாரம் தவறாமல் மாலை வாங்கினார்.

"வழக்கு எப்பங்க சேர் நடத்துறது?" என்று கேட்டான் ராஜலிங்கம்.

"அதுக்குப் புள்ளி இல்லையே தம்பி."

லெட்சுமணன் மாஸ்டர் ரோசக்காரர். உள்ளே போகாமல் திரும்பிய பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகாமல் விடமாட்டேன் என்று பாடசாலை அதிபரோடு மல்லுக்கட்டி, அதே வகுப்பை மறுபடி கூட்டிவந்தார். போகலாம், ஆனால் பாட்டில் பிழை வந்தால் பாடசாலையின் மானம் போய்விடும் என்று அதிபர் சொல்லிவிட்டாராம். ஆகவே இந்த முறையும் பாட்டுத்தான் பழகினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா மாலையை வாங்கிவர ஆளனுப்பிவிட்டு அறையில் இருந்த நேரம், ராஜலிங்கம் பக்கக் கதவைத் திறந்தான்.

"வாங்க, சத்தம் போடாம வாங்க. மாஸ்டர், நீங்களும்."

நிரோஷினி கூண்டில் ஏறினாள். முதலில் தடுமாறினாள். சொல்ல இருந்ததெல்லாம் பாதி மறந்துபோயிருந்தது. கங்காணிப் பையன் அதட்டியதும் ரோசம் வந்தது.

"நா ஓடிப் போகல. நடந்துதான் போனேன். பொண்டாட்டிக்கு காய்ச்சல். ஒங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சல் வந்ததே இல்லீங்களா தொரை?"

துரை கங்காணியைத் திரும்பிப் பார்த்தான். நீதவானாக இருந்த பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தது. எல்லாக் கண்களும் அந்தப் பிள்ளையின் மீது இருந்தன. லெட்சுமணன் மாஸ்டர்கூட எட்டி எட்டிப் பார்த்தார். இதற்குத்தான் இத்தனை பாடும் என்று ராஜலிங்கம் நினைத்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த வருஷத்திலேயே அந்த நேரம் மட்டும்தான்.

கதவு திறந்தது. ஸ்ரீஸ்கந்தராசா கழுத்தில் தானே போட்டுக்கொண்ட மாலையோடு வந்து நின்றார்.

நீதவான் எழுந்தது, துரை எழுந்தான், கங்காணி எழுந்தான். யாரும் சொல்லாமலே அவ்வளவு பேரும் இரண்டு வரிசையாகி, கைகூப்பி, வருக வருகவென்று பாடத் தொடங்கினார்கள். கூண்டுக்குள் நின்ற கறுப்பையாவும் கைகூப்பிப் பாடினாள். அவளுடைய குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. தீர்ப்பு என்னவென்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

பாட்டு முடிந்ததும் ஸ்ரீஸ்கந்தராசா கண் கலங்கியவராக ராஜலிங்கத்தைப் பார்த்தார். "கண்டீரே, இதுதான் தரம்" என்று சொல்லி, பிள்ளைகளை விளக்கடிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜலிங்கத்துக்கு அந்த மாலையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. நிரோஷினி கூண்டிலிருந்து இறங்கி அவனிடம் வந்தாள். அவள் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை.

"சேர், சரியா பாடினோமா?"

"நல்லா பாடினீங்கம்மா" என்றான் ராஜலிங்கம்.