துண்டு தொங்கிய அடுப்பு

"அண்ணி, அந்த ஓட்டல் சமையல்காரர் போன்ல என்னதான் கேட்டார்?"

"தாய்மாவை நேர்ல பார்க்கணுமாம். பொங்கி நிக்கறதைக் கண்ணால பார்த்தாத்தான் நம்மகிட்ட ரொட்டி வாங்குவாராம். அதுக்கு ஏன் தாய்னு பேருன்னும் கேட்டார்."

ஜாடியில் புளித்து நுரைக்கும் அந்த மாவை வைத்துத்தான் அண்ணியின் பேக்கரியில் ரொட்டியே எழும்பும். சாயங்காலம் வருகிற அந்தச் சமையல்காரர் சரியென்றால் கடை பிழைக்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"நேரத்துக்குச் சாப்பாடு போடலைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குது. குழந்தைன்னுல்ல பேர் வெச்சிருக்கணும்?" என்றான் கொழுந்தன். வெளியூர் வேலையை விட்டு நேற்றுத்தான் வந்திருந்தான்.

"ஜாடியெல்லாம் பின்னாடி வந்தது தம்பி. அப்பல்லாம் பிசைஞ்ச மாவுல ஒரு உருண்டையைச் சுடாம ஒதுக்கி வெப்பாங்க. அடுத்த மாவு அதுலேருந்துதான் பிறக்கும். அந்த உருண்டைதான் தாய்..."

அண்ணியின் மூக்கு விடைத்தது. பசை காய்ச்சும் வாடை!

"சின்ன அடுப்பை யார் போட்டது?"

"நான்தான். பன்னுக்குச் சூடேறட்டும்னு."

"அடுப்பைத் திருகுற குமிழ்ல துண்டு தொங்கலை?"

"தொங்கிச்சு. கை துடைக்க எடு..."

தன் தோளில் கிடந்த துண்டை அவனே பார்த்தான். குளிர் நாளில் ஜாடியை அணைந்த அடுப்புக்குள் வைத்துவிட்டு, குமிழில் துண்டைத் தொங்கவிடுவாள் அண்ணி. தொடாதே என்று அர்த்தம். அது அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கதவைத் திறந்தாள். ஜாடிக்குள் மாவு வெந்து கட்டியாகிக் கிடந்தது.

"புதுசா பண்ணிடலாம் அண்ணி."

"ஒரு வாரம் ஆகும்டா, படுபாவி!"

சட்டென்று நிமிர்ந்தாள். "காலையில பிசைஞ்ச மாவு எங்கே?"

"பெரிய அடுப்புல. இப்பத்தான் தள்ளினேன்."

"எல்லாமா?"

"எல்லாம்தான்..."

ஓடினாள். கடைசியாகப் போன ரொட்டியை வெளியே இழுத்தாள். மேல்தோல் இறுகத் தொடங்கியிருந்தது. கத்தி தேட நேரமில்லை, விரலாலேயே பிளந்தாள்.

"அண்ணி, கை!"

நடுவில் மாவு இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. எலுமிச்சை அளவு தோண்டியெடுத்து, புது ஜாடியில் மாவும் வெதுவெதுப்பான நீரும் சேர்த்துக் கரைத்தாள். மாவு ஏறுவது தெரிய, அதன் மட்டத்தில் ஜாடிக்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினாள்.

மதியம் வரை அசைவில்லை.

"உப்புப் போட்ட மாவாச்சே அண்ணி. எழும்புமா?"

"மெதுவா எழும்பும். நீ வாயை மூடு."

சாயங்காலம் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். அண்ணி சுட்டுக்கொண்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சமையல்காரர் நேராக ஜாடியிடம் குனிந்தார். ரப்பர் பேண்டுக்கு மேலே இரண்டு விரல் உயரம் ஏறி, குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. முகர்ந்தார். தலையாட்டினார். பிறகு அலமாரியைக் காட்டினார்.

"அந்த ரொட்டி ஏன் வயிறு கிழிஞ்சு கிடக்கு?"

மறைக்க மறந்துவிட்டார்கள்! கொழுந்தன் முந்தினான். "அதுதான் சார் இந்தத் தாயைப் பெத்த தாய்."

அவர் சிரிக்கவில்லை. அண்ணி பின்னால் மறைத்திருந்த கையையே பார்த்தார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"ஏன் தாய்னு பேருன்னு கேட்டேன். பதில் கிடைச்சிடுச்சு. திங்கட்கிழமையிலேருந்து அனுப்புங்க. கைக்கு முதல்ல மருந்து போடுங்கம்மா."

கார் கிளம்பியது. அண்ணி ஜாடியைச் சின்ன அடுப்புக்குள் வைத்து, துண்டைத் தொங்கவிட்டாள். கை கழுவிவிட்டு வந்த கொழுந்தன் பழக்க தோஷத்தில் அதற்குக் கை நீட்டினான்.

"தம்பி!"

கையைப் பேண்ட்டிலேயே துடைத்துக்கொண்டான்.